கைமாறிய கார்களும் கைமாறிய சாலைகளும்: சித்தூர் – திருப்பதி மலைவழிகளின் மோட்டார் வரலாறு

தென்னிந்திய மோட்டார் வரலாறு பெரும்பாலும் தொழிற்சாலை வாயிலிலிருந்தே எழுதப்படுகிறது. எந்த நிறுவனம் எந்த ஆண்டில் எந்தக் காரை வெளியிட்டது என்பதே அதன் காலவரிசை. ஆனால் காரை ஓட்டுதலையே இன்பமாகக் கொண்டவர்களின் வரலாறு வேறு வாயிலிலிருந்து தொடங்குகிறது. அவர்கள் ஓட்டிய வண்டி பெரும்பாலும் பிறர் ஒருவர் ஓட்டி விற்றது. அவர்கள் தேடிச் சென்ற சாலையும் வேறொரு நோக்கத்திற்காகப் பிறர் அமைத்தது. காரும் கைமாறியது, சாலையும் கைமாறியது. இவ்விரு கைமாற்றங்களையும் ஒருங்கே காண ஏற்ற நிலப்பகுதி, பழைய சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்த சித்தூர் – திருப்பதி வட்டாரமாகும்.

1. படை நடந்த கணவாய்

சித்தூரிலிருந்து பலமநேருக்கு மேற்கே ஏறும் சாலை இன்று விரைவோட்டப் பிரியர்கள் விரும்பும் வழிகளுள் ஒன்று. வேலூர்ச் சமவெளியின் வெப்பம் பின்தங்க, மொகிலி மலைச்சாலையில் ஏறியதும் மைசூர்ப் பீடபூமியின் காற்று முகத்தில் படும். வளைவுகள் அகன்றவை, ஏற்றம் சீரானது. இந்தச் சீர்மைக்கு ஒரு காரணம் உண்டு. இது பளுவை மேலேற்றுவதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட வழி.

1791ஆம் ஆண்டு பிப்ரவரியில், மூன்றாம் மைசூர்ப் போரின்போது, கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் ஆம்பூர்க் கணவாய் வழியாகச் செல்வதுபோல் போக்குக் காட்டிவிட்டு, மொகிலிக் கணவாய் வழியாகவே தம் படையைப் பீடபூமிக்கு ஏற்றினார். திப்பு சுல்தானின் காவல் அவ்விடத்தில் இல்லாமற்போனது அவருக்கு வாய்ப்பாயிற்று. அடுத்த மாதம் 21ஆம் நாள் பெங்களூர்க் கோட்டை வீழ்ந்தது. பீரங்கிகளை இழுத்த மாடுகளுக்கு எந்தச் சரிவு தாங்குமோ அந்தச் சரிவையே பிற்காலப் பொறியாளர்களும் பின்பற்றினர். 20ஆம் நூற்றாண்டில் அது சென்னை – பெங்களூர்த் தேசிய நெடுஞ்சாலை 4இன் பகுதியாயிற்று. இராணிப்பேட்டை, சித்தூர், பலமநேர், முல்பாகல், கோலார் என்று நீண்ட அந்த நெடுஞ்சாலையின் போக்குவரத்துப் பெருமளவு பின்னர் கிருஷ்ணகிரி வழிக்கு மாறியது. சுமை குறைந்த பழைய வழி, ஓட்டுவதற்கு இனிய வழியாக எஞ்சியது. ஒரு நெடுஞ்சாலை தன் முதன்மையை இழக்கும்போதுதான் ‘அழகிய சாலை’ ஆகிறது என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

முன்னைய சித்தூர் மாவட்டத்தின் மற்றொரு மலைவழியும் இவ்வாறே அமைந்தது. மதனப்பள்ளிக்கு அருகில் 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஹார்ஸ்லி மலை, கடப்பை கலெக்டராக இருந்த டபிள்யூ.டி. ஹார்ஸ்லியின் பெயரைத் தாங்குவது. கோடையின் வெப்பத்திலிருந்து தப்ப அவர் 19ஆம் நூற்றாண்டில் அங்கு இல்லம் அமைத்துக்கொண்டார். ஏனுகு மல்லம்மா கொண்டா என்ற தெலுங்குப் பெயர் அதற்கு முன்பே வழங்கியது. படைக்கு ஒரு வழி, அதிகாரியின் ஓய்வுக்கு ஒரு வழி என்று அமைந்தவற்றின் மீதே பிற்காலக் காரோட்டி தன் இன்பத்தைக் கண்டெடுத்தார்.

2. 1944: திருமலைக்கு வந்த சாலை

இவ்வட்டாரத்தின் மிகப் புகழ்பெற்ற மலைச்சாலை திருமலைக்குச் செல்வது. அதன் வயது எண்பதைச் சற்றே கடந்தது. அதற்கு முன் பக்தர்கள் அலிபிரிப் படிவழியாகவோ, சந்திரகிரிப் பக்கத்திலிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டு வழியாகவோ நடந்து ஏறினர். நடக்க இயலாதோரை டோலியில் சுமந்து சென்றனர்.

1843 முதல் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளின் பொறுப்பில் இருந்த கோயில் நிர்வாகம், சென்னைச் சட்டமன்றம் 1932இல் இயற்றிய சட்டத்தின் விளைவாக 1933இல் தேவஸ்தானக் குழுவிடம் வந்தது. அந்நிர்வாக மாற்றத்தின் பெரும்பயன்களுள் ஒன்று மலைச்சாலை. பொறியாளர் மோக்ஷகுண்டம் விசுவேசுவரய்யாவின் பெயர் அதன் திட்டத்தோடு இணைத்துப் பேசப்படுகிறது. 1944 ஏப்ரல் 10 அன்று சென்னை மாகாண ஆளுநர் சர் ஆர்தர் ஹோப் அச்சாலையைத் திறந்துவைத்தார். ஏறத்தாழ 19 கி.மீ. நீளத்தில் 36 கொண்டை ஊசி வளைவுகள்.

திறக்கப்பட்ட ஆண்டு கருதத்தக்கது. அது இரண்டாம் உலகப் போரின் காலம். பெட்ரோல் பங்கீட்டில் கிடைத்தது. பேருந்துகள் பல கரிவாயுவில் ஓடின. ஆகவே இச்சாலை தனியார் கார்களின் உலாவுக்காகப் பிறந்தது என்று கொள்வதற்கு இடமில்லை. நடக்க முடியாத முதியவரையும் நோயாளியையும் கைக்குழந்தையோடு வந்த தாயையும் மேலே கொண்டுசேர்ப்பதே அதன் பணி. வளைவுகள் அத்தனை நெருக்கமாக அமைந்ததற்கும் காரணம் செங்குத்தான மலைச்சரிவே. குன்றைக் குடையாமல், பாறையின் போக்கிலேயே மெல்லமெல்ல உயர்வதே அக்காலப் பொறியியலின் வழி.

1974இல் இரண்டாவது மலைச்சாலை திறக்கப்பட்டது. அதில் கொண்டை ஊசி வளைவுகள் ஆறு மட்டுமே. அதன்பின் புதிய சாலை ஏறுவதற்கும் பழைய சாலை இறங்குவதற்கும் என்று பிரிந்தன. இந்தப் பிரிவினை ஓர் எதிர்பாராத விளைவைத் தந்தது. எதிரே வண்டி வராத, ஒருவழியான, வளைவு நிறைந்த மலைச்சாலை இந்தியாவில் அரிது. பந்தயத் தடத்தில் மட்டுமே கிடைக்கும் அந்த வசதி, பக்தர் நெரிசலைக் குறைக்கச் செய்த ஏற்பாட்டால் தற்செயலாக இங்கு வாய்த்தது.

3. எல்லை நகர்ந்தது, கார் அயல்மாநிலத்ததாயிற்று

சாலை கைமாறியதற்கு இணையாக மாவட்டமும் கைமாறியது. வட ஆர்க்காட்டின் சில வட்டங்களையும் கடப்பையின் சில வட்டங்களையும் இணைத்து 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது அம்மாவட்டம் அதனோடு சென்றது. வடக்கெல்லைப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, படாஸ்கர் பரிந்துரையின்படி, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. நகரியும் புத்தூரும் சித்தூரும் ஆந்திரத்தில் நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

எல்லைப் போராட்ட வரலாறு மொழி, கோயில், நிலம் என்ற கோணங்களில் விரிவாக எழுதப்பட்டுள்ளது. மோட்டார் வண்டியின் கோணத்தில் அது ஏறக்குறைய எழுதப்படவே இல்லை. சென்னையிலிருந்து திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர், ரேணிகுண்டா வழியாகத் திருப்பதி ஏறத்தாழ 140 கி.மீ. 1953 செப்டம்பர் வரை அத்தொலைவு முழுவதும் ஒரே மாநிலம். மறுமாதம் அதே சாலையின் நடுவே ஓர் எல்லை வந்தது. சென்னைச் சந்தையில் கார் வாங்கிய சித்தூர்க்காரர் அன்றிலிருந்து அயல்மாநில வண்டி வாங்கியவரானார்.

அந்த எல்லை இன்றும் பழைய கார் வாங்குவோரின் கைக்காகிதத்தில் தெரிகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்குப் புதிய பதிவெண் பெறவேண்டும். அதற்கு முதலில் பழைய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து படிவம் 28 வழியே தடையின்மைச் சான்று பெறவேண்டும். உரிமை மாற்றத்திற்குப் படிவம் 29, 30. வங்கிக் கடன் இருந்திருந்தால் அதை நீக்கப் படிவம் 35. பின்னர் புதிய மாநிலத்தில் வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள் வரி. வேலூரும் சித்தூரும் ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தும், வேலூரில் நிற்கும் காரின் விலையும் சித்தூரில் நிற்கும் அதே காரின் விலையும் ஒன்றாக இல்லாமைக்குக் காரணம் இதுவே. 1953இன் வரைகோடு ஒவ்வொரு பழைய காரின் விலையிலும் வரியாகப் படிந்திருக்கிறது.

4. வண்டலூரில் பிறந்த ஹெரால்டு

இனிக் கார்களைப் பற்றி. 1950களின் நடுப்பகுதிக்குள் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு ஆகிய அயல்நாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் வண்டி பூட்டும் பணியை நிறுத்தின. உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டமுள்ளோர்க்கே இடம் என்ற கொள்கையின் விளைவு அது. இறக்குமதி அடைபட்டது. அதன்பின் எம்.ஜி. போன்ற ஆங்கிலேய விரைவுக் கார் வேண்டுவோர்க்கு, நாட்டிற்குள் முன்பே வந்துவிட்ட பழைய வண்டியைத் தேடுவதே எளிய வழி. புதிய விரைவுக் கார் என்ற பொருளே சந்தையில் இல்லாமற்போனது. ‘விரைவுக் கார்’ என்றாலே ‘பழைய கார்’ என்ற நிலை அரசின் கொள்கையால் உருவானது, சிக்கனத்தால் உருவானதன்று.

எஞ்சிய புதிய கார்கள் மூன்று: அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. விலை கட்டுப்பாட்டில் இருந்தது. பதிவுசெய்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1959ஆம் ஆண்டு மோட்டார் கார் விநியோக, விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை, புதிய காரைப் பெற்றவர் உடனே விற்று இலாபம் காண்பதையும் தடுக்க முயன்றது. பழைய கார் புதியதைவிடக் கூடுதல் விலைக்குப் போகக்கூடிய சந்தைக்கே இத்தகைய தடை தேவைப்படும்.

இம்மூன்றனுள் ஓட்டுநரின் கார் ஹெரால்டு. 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் அதனைத் தயாரித்தது. மூலவடிவம் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு. வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலொட்டி. அதன் அடிச்சட்டத்தைச் சுருக்கித்தான் டிரையம்ஃப் நிறுவனம் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்னும் விரைவுக் காரை உருவாக்கியது. எனவே சென்னை மாகாணத்துச் சாலைகளில் ஓடிய குடும்ப ஹெரால்டு, ஒரு விரைவுக் காரின் உடன்பிறப்பு.

948 சி.சி. எஞ்சினின் ஆற்றல் சிறிது. ஆனால் மலைச்சாலைக்கு இரண்டு இயல்புகள் அதனிடம் இருந்தன. முதலாவது, முன்சக்கரங்கள் மிகக் கூர்மையாகத் திரும்பும். சுமார் 25 அடி விட்டமுள்ள வட்டத்திற்குள் வண்டி முழுதும் திரும்பிவிடும். அம்பாசடரை ஒருமுறை பின்னிழுத்துத் திருப்பவேண்டிய இடத்தில் ஹெரால்டு ஒரே வீச்சில் வளையும். இரண்டாவது, நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன்.

இந்த இரண்டாவது இயல்பிலேயே அதன் ஆபத்தும் இருந்தது. பின்சக்கர அச்சு நடுவில் மடங்கி ஊசலாடும் வகையைச் சேர்ந்தது. வளைவில் வேகமாகப் புகுந்து, நடுவில் அஞ்சி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ பிரேக்கை அழுத்தினாலோ, வண்டியின் பின்புறம் உயர்ந்து, வெளிச்சக்கரம் உள்நோக்கி மடங்கி, பிடிமானம் திடீரெனக் குறையும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவினுள் சீராக மிதித்துச் செல்பவருக்கு அது இனிய வண்டி. தயங்குபவருக்குக் கொடிய வண்டி. 1970களில் வந்த நான்கு கதவுக் கேசல் மாதிரியில் அந்த ஊசல் அச்சு நீக்கப்பட்டு, சாதாரண ஒற்றை அச்சு பொருத்தப்பட்டது. மெக்கானிக்குகளுக்கு எளிது, சாலைக் குழிகளுக்கு ஏற்றது. விரைவுக் காரின் குணம் மட்டும் போயிற்று.

அதே நிறுவனம் 1985இல் வெளியிட்ட ஸ்டாண்டர்டு 2000, ரோவர் எஸ்டி1 என்னும் மிடுக்கான உடலுக்குள் பழைய எஞ்சினைச் சுமந்து வந்தது. 1988இல் அதன் உற்பத்தி நின்றது. அன்றிலிருந்து ஹெரால்டை ஓட்ட விரும்புவோர், தயாரிப்பாளர் இல்லாத ஒரு காரை வாங்குகின்றனர். உதிரிபாகம் புதுப்பேட்டைச் சந்தையிலோ மற்றொரு ஹெரால்டின் உடலிலோ கிடைத்தால் உண்டு.

5. ஓடுதளம் பந்தயத்தடமான கதை

கைமாறிய சாலைக்கு மிகத் தெளிவான சான்று சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய சோழவரம். இரண்டாம் உலகப் போருக்காக அமைந்த விமான ஓடுதளம் அது. போர் முடிந்தபின் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அதனைப் பந்தயத்தடமாக்கியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான தடம் அமையும் வரை, தென்னிந்திய மோட்டார்ப் பந்தயம் என்றால் சோழவரம்தான். அங்கு ஓடியவையும் பெரும்பாலும் கைமாறிய வண்டிகள்: எடை குறைத்த ஃபியட்டுகள், எஞ்சின் மெருகேற்றிய ஹெரால்டுகள், பழைய உறுப்புகளால் பட்டறையில் கட்டிய தனிவடிவங்கள். போர் விமானத்திற்கு இட்ட கான்கிரீட்டில் குடும்பக் கார் பந்தயம் ஓடியது. நேர்கோட்டு ஓடுதளத்தில் வேகம் கற்கலாம். வளைவும் ஏற்றமும் வேண்டுவோர்க்கு மலைகளே பள்ளி. சித்தூர்ச் சாலைகளின் மீதான ஈர்ப்பின் வேர் இங்குள்ளது.

6. மீண்டும் அதே சுழற்சி

தாராளமயத்திற்குப் பின் இந்நிலை மாறியிருக்க வேண்டும். ஓரளவே மாறியது. வண்டலூரிலிருந்து சற்றுத் தெற்கே மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனம் 1999இன் இறுதியில் வெளியிட்ட ஐகான், ஓட்டுநரின் கார் என்று பெயர் பெற்றது. 2021இல் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அந்நிறுவனம் அறிவித்தது. மறு ஆண்டு அவ்வாலை நின்றது. ஃபியட் பாலியோ 1.6, ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. போன்றவையும் இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை. இவற்றை நாடும் இளைஞர் மீண்டும் பழைய கார்ச் சந்தைக்கே வருகின்றனர். அறுபது ஆண்டுகளுக்கு முன் கொள்கை செய்ததை இப்போது சந்தை செய்கிறது: ஓட்டுநரின் காரைத் தயாரிப்பவர் நீங்கிவிடுகிறார், கார் மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

கைமாறிய காருக்கு ஒரு சடங்கும் உண்டு. அலிபிரியிலும் சித்தூருக்கு அருகிலுள்ள காணிப்பாக்கம் விநாயகர் கோயிலிலும் வண்டிகளுக்குப் பூசை செய்வது வழக்கம். பழைய கார் வாங்கியவரும் எலுமிச்சையும் மாலையுமாக வந்து நிற்கிறார். பதிவுப் புத்தகத்தில் இரண்டாம் உரிமையாளர். பூசைக்குப் பின் அவர் மனத்தில் முதல் உரிமையாளர். சட்டம் தர இயலாத ஒன்றைச் சடங்கு தருகிறது.

7. கடிகாரத்தின் காவல்

எனினும், பிறருக்காக அமைந்த சாலையில் இன்பம் காண்பவர்க்கு அப்பிறரிடம் ஒரு கடமை உண்டு. திருமலை நிர்வாகம் அதனைக் கடிகாரத்தால் வரையறுத்தது. அடிவாரத்திலும் மேலேயும் உள்ள சோதனைச்சாவடிகளில் நேரம் குறிக்கப்படும். ஏறுவதற்குக் குறைந்தது 28 நிமிடம், இறங்குவதற்குக் குறைந்தது 40 நிமிடம் என்பது அவ்விதி. 19 கி.மீ. இறக்கத்தை 40 நிமிடத்தில் கடப்பவரின் சராசரி வேகம் மணிக்கு 28 கி.மீ. சற்றே கூடுதல். வேகமானியைப் பார்க்காமல் சராசரியைப் பார்க்கும் விதி இது. இடையில் எங்கு விரைந்தாலும், அந்த இலாபத்தை எங்கேனும் நின்று திருப்பித் தந்தாகவேண்டும்.

இந்த எண்ணுக்குப் பின்னால் இயற்பியல் உள்ளது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாது அழுத்தினால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். கீழ் கியரில் எஞ்சினே வண்டியைத் தடுக்குமாறு இறங்குவதே மலைவழக்கம். பழைய காரின் பிரேக் திரவமும் ரப்பர் குழாய்களும் எத்தனை ஆண்டு பழையவை என்பது வாங்கியவர்க்குப் பெரும்பாலும் தெரியாது. முதல் பெரிய இறக்கமே அதனைத் தெரிவிக்கும்.

கடிகாரம் இல்லாத சாலைகளும் உண்டு. திருப்பதியிலிருந்து தலக்கோனை அருவிக்குச் செல்வோர் விரும்பும் பாக்கராப்பேட்டை மலைச்சாலையில், 2022 மார்ச் 26 இரவு, திருமண நிச்சயதார்த்தத்திற்குச் சென்ற ஒரு பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து பலர் உயிரிழந்தனர். காரோட்டிக்கு இனிய வளைவு, பேருந்தில் உறங்கிக்கொண்டிருந்தவர்க்கு இறுதி வளைவாயிற்று. சாலைக்கு இன்னும் சில உரிமையாளர்கள் உள்ளனர். சேஷாசலம் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் அலிபிரிப் படிவழியில் ஒரு சிறுமி சிறுத்தைக்கு இரையானாள். பலமநேர்ப் பக்கம் கௌண்டின்யக் காட்டின் யானைகள் சாலையைக் கடக்கின்றன. 2021 டிசம்பரில் இரண்டாவது மலைச்சாலையில் பெரும்பாறைகள் சரிந்து போக்குவரத்து நின்றது. மலையும் தன் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.

மொகிலியில் பீரங்கி இழுத்த மாடும், அலிபிரியில் டோலி சுமந்த தோளும், 1944இல் பேருந்தில் முதன்முறை மேலேறிய முதியவரும் இச்சாலைகளின் முன்னைய உரிமையாளர்கள். பழைய கார் வாங்குபவர் பதிவுப் புத்தகத்தைப் புரட்டி, முன்பு எத்தனை பேர் வைத்திருந்தனர் என்று பார்க்கிறார். வண்டியின் நிலையை அறிய அது முதற்படி. சாலைக்கும் அத்தகைய ஒரு புத்தகம் உண்டு. அதில் அவர் கடைசியாகச் சேர்ந்த பெயர். மேலே சாவடியில் குறித்துத் தரும் நேரச்சீட்டு அதன் கடைசிப் பக்கம் எனலாம். நாற்பது நிமிடம் என்பது, முன்பு சென்றவர்க்கும் பின்னால் வருபவர்க்கும் சேர்த்து அவர் செலுத்தும் சுங்கம்.